இழு, இன்னும் இழு

ரக்ஷனாவுக்குச் சம்பளமே சத்தம் போடுவதற்குத்தான். சிங்கப்பூரின் பெரிய மருத்துவமனை ஒன்றில், நுரையீரல் சோதனை அறையில் அவளுக்கு வேலை. நோயாளி ஒரு குழாயை வாயில் கவ்விக்கொள்வார். இவள் எதிரே நின்று தொண்டை கிழியக் கத்துவாள். "இழுங்க, இழுங்க, இன்னும் இழுங்க! இப்ப ஊதுங்க! ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க!" தமிழ், மலாய், சீனம், ஆங்கிலம் என்று எந்த மொழிக்காரர் வந்தாலும் அவரவர் மொழியில் விரட்டுவாள். அவர்கள் ஊதிய மூச்சு கணினித் திரையில் ஒரு கோடாக ஏறி இறங்கும். அந்தக் கோட்டின் வடிவத்தைப் பார்த்தே, கோளாறு எங்கே இருக்கலாம் என்று அவளுக்கு மனதில் தட்டிவிடும். அதை அவள் வெளியே சொல்ல மாட்டாள், சொல்வது டாக்டரின் வேலை.

"தூக்கத்துலகூட இழு இழுன்னு கத்துறா. பக்கத்து ஃபிளாட் சீனக் கிழவி என்னைய ஒரு மாதிரி பாக்குறா" என்று அவள் அம்மா மங்களம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பாள். மங்களம் பள்ளிக்கூடக் கேண்டீனில் மீ கோரெங் நூடுல்ஸ் விற்று ஓய்ந்தவள். அப்பா போய்ச் சேர்ந்த பிறகு ஈசூன் வீட்டில் தாயும் மகளும் மட்டும்தான். இரண்டு பேருக்கும் வாய் நீளம் என்பதால் வீடு நிறையத்தான் இருக்கும்.

ரக்ஷனாவிடம் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. ஜப்பானில் செய்தது, இரண்டே இருக்கை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்து வாங்கியது. சொந்தக்காரர்களுக்கு இது பொறுக்கவில்லை. "ரெண்டு சீட்டு வண்டில அம்மா உக்காருவாளா, மாப்பிள்ளை உக்காருவானா?" என்று தீபாவளிக்குத் தீபாவளி கேட்டார்கள். "மாப்பிள்ளை எம்ஆர்டி ரயில்ல வரட்டும்" என்று ரக்ஷனா சொன்னாள். அதற்குப் பிறகு மாப்பிள்ளைப் பேச்சு மெல்ல அடங்கிப்போனது.

ஆனால் சிங்கப்பூரில் காருக்கும் ஆயுசு எழுதி வைத்திருக்கிறார்கள். வாங்கும்போது கிடைப்பது பத்து வருஷ உரிமை. அது முடிந்தால் பெரும்பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும், மனசு வரவில்லையென்றால் வண்டி உடைப்புக்குப் போகும். சிவப்புக் காருக்கு அந்தக் கெடு அடுத்த மாதம். பணம் வீட்டுச் சேமிப்பில் இருந்தது, மங்களம் தலையசைக்காமல் அது ஒரு வெள்ளிகூட நகராது. மங்களமோ எப்போதடா இந்தச் சனியன் ஒழியும் என்று காத்துக்கொண்டிருந்தாள். மகள் வெளியே போனால் வீடு திரும்பும்வரை அவள் சன்னலைவிட்டு நகர்ந்ததில்லை, பாவம்.

அம்மாவை ஒருவழியாகச் சரிக்கட்டிவிடலாம். ரக்ஷனாவை அரித்தது வேறு. வருஷத்துக்குச் சில தடவை அவளும் கார்ப் பைத்தியங்கள் சிலரும் எல்லைப் பாலம் தாண்டி ஜொகூரில் உள்ள பந்தயத் தடத்துக்குப் போவார்கள். போட்டியெல்லாம் கிடையாது, ஆசை தீர ஓட்டிவிட்டு வருவதுதான். அங்கே ஸைஃப் என்றொரு பையன் இருந்தான். அவனிடம் இதே கார், இதே வருஷம், நிறம் மட்டும் வெள்ளி. வளைவுகளில் எல்லாம் ரக்ஷனா அவனை ஒட்டிக்கொண்டே போவாள். நேர்ப்பாதை வந்ததும் அவன் சல்லென்று போய்விடுவான். போகிற போக்கில் கையை வேறு ஆட்டுவான். இறங்கிய பிறகு, "அக்கா, பயப்படாம மிதிங்க லா" என்று அன்பாகச் சொல்வான். அன்பாகச் சொல்வதுதான் அவளுக்குப் பொறுக்காது. மிதி தரையைத் தொடும்வரை மிதித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனாலும் பத்து வருஷமாக எல்லாரும் சொல்லிச் சொல்லி, தன் காலுக்குத் தெரியாமல் தன் மனசு எங்கேயோ பயந்துகொண்டிருக்கிறது என்று அவளே நம்பத் தொடங்கியிருந்தாள். அது கேவலமாக இருந்தது.

புதுப்பிப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் முன், ஈசூன் தொழிற்பேட்டையில் பட்டறை வைத்திருந்த ரமீஸிடம் காரைக் கொண்டுபோனாள். வாங்கிய நாளிலிருந்து அவன்தான் அதற்கு வைத்தியன். பிரேக் போடும்போதெல்லாம் முன்பக்கம் கேட்கும் ஒரு 'டொக்' மட்டும் அவன் வைத்தியத்துக்கு அடங்கியதே இல்லை. காரை உருளைகள் மேல் ஏற்றி நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, என்ஜினின் சக்தியை அளக்கும் எந்திரம் அவனிடம் புதிதாக வந்திருந்தது. அளந்தான். தாளை நீட்டினான். முகம் சரியில்லை.

"கம்பெனி சொன்ன பவர் வரல. அதுக்குக் கிட்டகூட வரல. என்ஜின் தளந்துபோச்சு, ரக்ஷனா. பத்து வருஷம் கெட்ட மிதி மிதிச்சிருக்க."

"காத்து போற வழிய பெருசாக்குனா? ஃபில்டர் பெட்டி, பைப்பு எல்லாத்தையும் கழட்டிட்டு அகலமாப் போட்டா பவர் ஏறும்ல?"

"கெழவனுக்கு மூக்க மட்டும் பெருசாக்குனா ஓடிருவானா? இன்ஸ்பெக்‌ஷன்ல வேற நூறு கேள்வி வரும். பேசாம விட்டுடு லா. நல்ல வண்டி, நல்லா இருந்துச்சு."

இறந்தவர்களைப் பற்றிப் பேசுவது போல அவன் பேசியது அவளுக்கு அழுகையை வரவழைத்தது. தாளை மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மங்களம் செய்தியைக் கேட்டு "அடப்பாவமே" என்றாள், என்றவள் அன்றைக்குப் பாயசம் வைத்தாள்.

மறுநாள் சோதனை அறைக்கு முத்துசாமி என்ற பெரியவர் வந்தார். பூன் லேயில் பாதுகாவலராக இருக்கும் திடமான மனுஷன், மார்பு அகலம். ஆனால் ஊதினால் கோடு முழுசாக எழும்பவில்லை. ஆரம்பத்தில் ஜோராக ஏறியது, பிறகு யாரோ மேலே பலகையை வைத்து அழுத்தியது போலத் தட்டையாகப் படுத்துக்கொண்டது. மறுபடி ஊதச் சொன்னாள். அதே தட்டை. ரக்ஷனா குனிந்து அவர் வாயைப் பார்த்தாள்.

"ஐயா, நாக்க எங்க வச்சிருக்கீங்க?"

குழாயை எடுத்துவிட்டுச் சொன்னார்: "குழாயோட ஓட்டைலதான்மா முட்டுக்கொடுத்து வச்சிருக்கேன். இல்லேன்னா குழாய் நழுவுது."

"அது அங்க நின்னா காத்து எப்படி வரும்? நாக்கக் கீழ போடுங்க. இழுங்க, இழுங்க, இன்னும் இழுங்க! இப்ப ஊதுங்க!"

கோடு மலை மாதிரி எழும்பியது. முத்துசாமி ஐயா ஏதோ பரிசு வாங்கியவர் போலச் சிரித்தார். ரக்ஷனா சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தத் தட்டைத் தலையை நேற்றுத்தான் எங்கோ பார்த்திருந்தாள். பையைத் துழாவி ரமீஸ் கொடுத்த தாளை எடுத்து விரித்தாள். அவள் காரின் சக்திக்கோடு கீழே இருக்கிறவரை அம்சமாக ஏறியிருந்தது. வேகம் கூடுகிற இடத்தில் மட்டும், பலகை வைத்து அழுத்தியது போலத் தட்டை. சளி கட்டிய நுரையீரலோ தளர்ந்த நுரையீரலோ இப்படிக் கோடு போடாது, தொய்ந்து குழிந்து போகும். இது தொண்டைக்கு மேலே, வாய்ப்பக்கம் எதுவோ குறுக்கே நிற்கிறவர்களின் கோடு. பத்து வருஷத்துக்கும் மேலாக அவள் சோறு தின்பதே இந்தக் கோடுகளைப் பார்த்துத்தான்.

வேலை முடிந்ததும் எம்ஆர்டியில் தேக்காக் கடைத்தெருவுக்கு ஓடினாள். ஒரு கடையில் கண்ணாடி போலத் தெளிவான பிளாஸ்டிக் குழாய் சில மீட்டர் வாங்கினாள். பக்கத்துக் கடையில் ஒரு போத்தல் ரோஸ் சிரப். சனிக்கிழமை காலையில் இரண்டையும் ரமீஸின் மேசைமேல் வைத்தாள்.

"என்ஜின் நல்லா இருக்கு ரமீஸ். வாய்லதான் என்னமோ இருக்கு."

"பார்ட்டியா? சிரப்பு எதுக்கு?"

"தண்ணி கண்ணுக்குத் தெரியணும்ல."

குழாயை 'ப' வடிவத்தில் வளைத்து ஒரு பலகையில் ஒட்டினார்கள். சிவப்புத் தண்ணீரைப் பாதிவரை ஊற்றினார்கள். ஒரு முனையைத் திறந்துவிட்டு, மறு முனையை என்ஜினுக்குக் காற்றுப் போகும் வழியில் செருகினார்கள். வழி தாராளமாக இருந்தால் தண்ணீர் அசையாது. என்ஜின் காற்றுக்குத் திண்டாடி உறிஞ்சினால், அந்தப் பக்கத் தண்ணீர் மேலே ஏறும். எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு அடைப்பு. முதலில் ஃபில்டருக்குப் பின்னால் செருகினார்கள். காரை உருளைமேல் ஏற்றி ரமீஸ் மிதித்தான். ரக்ஷனா பலகையைப் பிடித்துக்கொண்டாள். பழக்கதோஷம், வாய் தானாகக் கத்தியது: "இழு, இழு, இன்னும் இழு!"

தண்ணீர் ஏறியது. ஏறிக்கொண்டே போனது. பலகையின் உச்சியைத் தாண்டி, வளைந்து, உள்ளே போயே போய்விட்டது. கார் ஒரு இருமல் இருமியது. பட்டறை முழுக்க ரோஜா வாசம்.

"உன் காரு சிரப்பக் குடிச்சிருச்சு லா!" ரமீஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "கொஞ்சம் பால் ஊத்தியிருந்தா பண்டுங் சர்பத்து!" சிரித்து முடித்தபின்தான் அவனுக்கு உறைத்தது. "யா அல்லாஹ். இவ்ளோவா உறிஞ்சுது?"

குழாயை நீளமாக்கி மறுபடி அளந்தார்கள். பிறகு முனையைப் பிடுங்கி ஃபில்டருக்கு முன்னால் செருகினார்கள். தண்ணீர் ஏறக்குறைய அதே உயரம் ஏறியது. அப்படியென்றால் ஃபில்டர் நிரபராதி. காற்று பெட்டிக்கு வந்து சேர்வதற்கு முன்பே, முன் பம்பருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் அந்த மூக்குக் குழாயில்தான் சங்கதி இருந்தது. ரமீஸ் தலையைச் சொறிந்தான். ஃபில்டரை வருஷா வருஷம் மாற்றியவன், அந்தக் குழாயை ஒரு தடவைகூடக் கழற்றியதில்லை. எவனும் கழற்ற மாட்டான், அதில் தேய்வதற்கு ஒன்றுமே இல்லை.

பம்பரைக் கழற்றினார்கள். மூக்குக் குழாயை உருவி வெளியே எடுத்து, ரமீஸ் காதருகே வைத்து ஆட்டினான். டொக். டொக். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிரேக் போட்டால் கேட்கிற டொக் அது! அந்தச் சத்தத்துக்காக ரமீஸ் எத்தனை ரப்பரை மாற்றியிருப்பான்! குழாயைக் கவிழ்த்துத் தட்டினான். குறுகலான வளைவிலிருந்து ஒரு கறுத்த உருண்டை உருண்டு வந்து அவன் காலடியில் விழுந்தது. மரக்கட்டை போலக் காய்ந்திருந்தது. ரக்ஷனா எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். சுருக்கங்களுக்குள் மங்கலாக ஒரு சிவப்பு.

குங்குமம்.

"எலுமிச்சம்பழம்" என்றாள். மெதுவாகப் போகும்போது இது குழாயில் சும்மா கிடந்திருக்கிறது. மிதித்ததும் காற்று இழுத்த இழுப்பில் போய் வளைவில் அடைத்துக்கொண்டிருக்கிறது. காலை எடுத்ததும் டொக்கென்று திரும்ப விழுந்திருக்கிறது. முத்துசாமி ஐயாவின் நாக்கேதான்.

குழாயை மாட்டி, காரை உருளைமேல் ஏற்றி மறுபடி மிதித்தார்கள். தாளில் கோடு எழுந்தது, எழுந்துகொண்டே போனது, தட்டை விழுந்த இடத்தைத் தாண்டி, என்ஜின் வேகத்தின் கடைசி எல்லையான சிவப்புக்கோடுவரை ஏறியது. சத்தமே வேறு. பத்து வருஷம் முனகிக்கொண்டிருந்த கார் முதல்முறையாக வாய்விட்டுப் பாடியது. எதையும் வெட்டவில்லை, எதையும் அகலமாக்கவில்லை. இன்ஸ்பெக்‌ஷன்காரர் கேட்க ஒரு கேள்வி இல்லை. ரமீஸ் துள்ளிக் குதித்தான். ரக்ஷனா குந்தி உட்கார்ந்து, க்ரீஸ் கையோடு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவள் பயந்தாங்கொள்ளி இல்லை. ஒரு நாளும் இல்லை.

வீட்டில் சாப்பாட்டு மேசைமேல் உருண்டையை வைத்தாள். மங்களம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"ஐ, இது என் பழமாச்சே! எங்கடி கெடச்சுது?"

"காரோட தொண்டைல."

மங்களத்துக்கு எல்லாம் நினைவிருந்தது. புதுக் காருக்குக் கோயில் வாசலில் பூஜை. என்ஜினுக்கும் பொட்டு வைக்க பானெட்டைத் திறந்து வைத்திருந்தார்கள். நாலு சக்கரத்துக்கும் நாலு பழம். ஐயர் ஐந்தாவதைக் கையில் கொடுத்து, "இதை வண்டிக்குள்ள வச்சுக்கோங்கோ, திருஷ்டி அண்டாது" என்றார். ரக்ஷனா அந்த நேரத்தில் மாலையோடு படம் எடுத்துக்கொண்டிருந்தாள். மங்களம் திறந்திருந்த பானெட்டைப் பார்த்தாள். இதைவிட உள்ளே என்று ஒன்று உண்டா? வாய் மாதிரி ஒரு ஓட்டை தெரிந்தது. வாயில் வைத்தாள்.

"அம்மா, வண்டிக்குள்ளன்னா டேஷ்போர்டுல!"

"ஐயர் டேஷ்போர்டுன்னா சொன்னாரு? உள்ளன்னாரு. உள்ள வச்சேன்." மங்களம் பழத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "பத்து வருஷம் உன் மேல ஒரு கீறல் இல்லாமக் காப்பாத்தியிருக்கு பாரு."

"காப்பாத்துச்சா? கழுத்தப் புடிச்சு நெரிச்சிருக்கு! நேர் ரோட்டுல அந்த ஸைஃப் பய என்னைய முந்திப் போறப்பல்லாம், எனக்குத் தைரியம் இல்லன்னு நெனச்சேம்மா. பத்து வருஷமா அப்படித்தான் நெனச்சேன். என்னையே எனக்குப் புடிக்காமப் போச்சு."

மங்களம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மகளைப் பார்த்தாள். மகளுக்கு வண்டி பிடிக்கும் என்று தெரியும். இந்த வலி தெரியாது. பழத்தைக் கையில் உருட்டினாள்.

"அடுத்து எப்பப் போற அந்த எடத்துக்கு?"

"ஞாயித்துக்கெழமை. கெடுவுக்கு முன்னாடி அதான் கடைசி."

"நானும் வர்றேன். என் பழம் இல்லாம நீ எப்படி ஓட்டுறேன்னு பாக்கணும். பாத்துட்டுச் சொல்றேன், வண்டி இருக்குதா போகுதான்னு."

ஞாயிற்றுக்கிழமை முக்கால் டேங்க் பெட்ரோல் இல்லாமல் எல்லையில் விடமாட்டார்கள் என்ற கணக்கெல்லாம் பார்த்து, உட்லண்ட்ஸ் பாலம் தாண்டினார்கள். மங்களம் மடியில் டப்பா நிறைய மீ கோரெங்கும் ஒரு கைப்பையும். தடத்தில் எல்லாரும் அவளை "ஆன்ட்டி, ஆன்ட்டி" என்று சூழ்ந்துகொண்டார்கள். ஹெல்மெட் கொண்டைமேல் இறங்க மறுத்தது. கொண்டையை அவிழ்த்து முடியை முதுகில் விட்டுக்கொண்டு, மங்களம் அதற்குள் தலையை நுழைத்தாள். பெல்ட்டை இறுக்கியபோது அவள் வலது கை முஷ்டியாக மூடியிருந்ததை ரக்ஷனா கவனித்தாள். சாமி பேரைச் சொல்கிறாள் போலும் என்று விட்டுவிட்டாள்.

முதல் சுற்றை டயர் சூடேற மெதுவாகவே ஓட்டினாள். ஸைஃபின் வெள்ளிக் கார் முன்னால் இருந்தது. இரண்டாம் சுற்றின் கடைசி வளைவில் அவன் பின்னால் ஒட்டிக்கொண்டாள். வளைவு விரிந்து நேர்ப்பாதை திறந்தது. ஸைஃப் வழக்கம்போல் கையைத் தூக்கினான். ரக்ஷனா மிதித்தாள்.

கார் இழுத்தது. அம்மாடி, என்ன இழுப்பு! முள் ஏறியது, வழக்கமாகச் சோர்ந்து நிற்கும் இடம் வந்தது, நிற்கவில்லை, தாண்டியது. முன்னாலிருந்து ஒரு கர்ஜனை காதை நிறைத்தது, முதுகு இருக்கைக்குள் புதைந்தது. வெள்ளிக் கார் பெரிதாகி, பக்கத்தில் வந்து, அங்கேயே நின்றது. இரண்டு கார்களும் தோளோடு தோள் பறந்தன. ஸைஃப் கையை ஆட்ட மறந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தான். அப்போதுதான் ரக்ஷனாவின் காதில் அந்தச் சத்தம் விழுந்தது. என்ஜினையும் மீறிக்கொண்டு, பக்கத்து இருக்கையிலிருந்து.

"இழு! இழு! இன்னும் இழு! விடாதடீ!"

ரக்ஷனா விடவில்லை. சிரிப்பும் கண்ணீருமாக மிதித்தாள். நேர்ப்பாதை முடிவதற்குள் வெள்ளிக் கார் பக்கத்துக் கண்ணாடிக்குள் போயிருந்தது.

நிறுத்திக் கதவைத் திறந்ததும் எல்லாரும் ஓடி வந்தார்கள். காருக்குள் கமகமவென்று ஒரு வாசம். ரக்ஷனா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். மங்களம் மூச்சு வாங்கியபடி முஷ்டியைப் பிரித்தாள். உள்ளே ஒரு புது எலுமிச்சம்பழம், நசுங்கிக் கூழாகிக் கிடந்தது. சாறு முழங்கைவரை வழிந்திருந்தது.

"இந்தத் தடவ வண்டிக்குள்ளதான் வச்சேன்" என்றாள்.

"பயந்துட்டியாம்மா?"

மங்களம் விரலில் ஒட்டியிருந்த விதையை உதறினாள். "புதுப்பிச்சா எத்தன வருஷம் தருவான்?"

"அஞ்சு இல்ல பத்து."

"பத்தாவே போட்டுடு." சேலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கதவை இழுத்துச் சாத்தினாள். "பையில இன்னும் நாலு பழம் இருக்கு. கிளம்பு."